வாசகர் கேள்வி – பதில்: பரம்பின் மேல் ஆசிரியருக்கு ஒரு கல்

கேள்வி: எங்கள் வரலாற்று ஆசிரியர் சென்ற ஆண்டு காலமானார். ஒன்பதாம் வகுப்புக்கு வந்த ஒவ்வோர் ஆண்டு மாணவர்களையும் அவர் ஆதிச்சநல்லூர்ப் பரம்புக்கு அழைத்துச் சென்று, பழங்காலத்தில் இறந்தவர்களை இட்டுப் புதைத்த தாழிகள் கிடக்கும் அந்த மேட்டிலேயே பாடம் நடத்தினார். முதலாண்டு நினைவு நாளில், அவர் வழக்கமாக நிற்கும் இடத்தில் உருவம் பொறித்த கருங்கல் ஒன்றை நாட்டி, அருகில் ஒரு வேப்பங்கன்றும் வைக்க எண்ணிப் பணம் சேர்த்திருக்கிறோம். யாரிடம் அனுமதி பெற வேண்டும்?
– பழைய மாணவர்கள், ஸ்ரீவைகுண்டம் வட்டாரம்

பதில்: அனுமதிக்காக அலைய வேண்டாம், கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. பரம்பின் 114 ஏக்கரும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. தொல்லியல் சின்னங்களைப் பாதுகாக்கும் 1958ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2010ஆம் ஆண்டுத் திருத்தமும், பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டுமானத்தைத் தடை செய்கின்றன. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை முன் அனுமதி வேண்டும்.

சட்டத்தை விடுங்கள். கல்லுக்குக் குழி தோண்டும் கடப்பாரை, அடியில் உள்ள ஒரு தாழியின் வாயை உடைக்கலாம். கடப்பாரை தப்பினாலும் வேம்பின் வேர் தப்பவிடாது. 1876இல் ஜெர்மானியரான ஜாகோர் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. 1899 முதல் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ எடுத்த பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலப் பொருள்களும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் சென்றன. இத்தனைக்குப் பிறகும் மண்ணில் மிஞ்சியிருப்பதைக் காட்டித்தான் உங்கள் ஆசிரியர் பாடம் சொன்னார் என்றால், அவர் பெயராலேயே அதைக் கிளறுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

கல் நாட்டும் ஆசையை நான் குறை சொல்லவில்லை. இறந்தவரின் பெயரும் பீடும் எழுதி நடுகல் நாட்டியதைச் சங்கப் பாடல்களே சொல்கின்றன. ஆனால் அந்தக் கல்லுக்கு உரிய இடம் நீங்கள் படித்த பள்ளியின் வளாகம். தலைமை ஆசிரியரிடமும் நிர்வாகத்திடமும் எழுத்தில் இசைவு பெற்று அங்கே வையுங்கள். அவர் பெயரும், எத்தனை ஆண்டுகள் மாணவர்களைப் பரம்புக்கு அழைத்துச் சென்றார் என்பதும் அதில் இருந்தால் போதும். உபயதாரர் பட்டியல் வேண்டாம். நம் ஊர்ப்பக்கம் அந்தப் பட்டியல் தொடங்கினால் இறந்தவர் பெயரைவிட நீளமாகிவிடும். யார் பெயர் முதலில் என்ற சண்டை வேறு.

பரம்பில் செய்யத்தக்கது, அவர் செய்ததையே தொடர்வதுதான். நினைவு நாளை ஒட்டி இப்போதைய ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை அங்கே அழைத்துச் செல்லுங்கள்; வண்டிச் செலவும் உணவும் உங்கள் நிதியிலிருந்து ஆண்டுதோறும் போகட்டும். 2023 ஆகஸ்டில் திறக்கப்பட்ட களக் காட்சியகத்தில், தாழிகளைக் கிடந்த இடத்திலேயே கண்ணாடிக்குக் கீழே பார்க்கலாம். அங்கே ஒருவர் புறநானூற்றின் 256ஆம் பாடலைப் படித்துப் பொருள் சொல்லட்டும்: கணவனை இழந்தவள், தனக்கும் இடம் இருக்கும்படி ஈமத்தாழியை அகலமாக வனையச் சொல்லிக் குயவரிடம் கேட்கும் பாடல் அது. தாழியின் முன் நின்று அதைக் கேட்கும் பதினான்கு வயதுப் பிள்ளைக்குத் தேர்வுக்காகப் படித்த பாடமாக அது இருக்காது. பந்தல், ஒலிபெருக்கி, கூட்டம் ஆகியவற்றைத் தவிருங்கள். குழுவாகச் செல்வதைத் தொல்லியல் துறை அலுவலரிடம் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.

இன்னொன்று, ஒருவேளை முதலில் செய்ய வேண்டியது: ஆசிரியரின் துணைவியாரைச் சந்தித்து, அவருடைய குறிப்பேடுகளும் பரம்பில் எடுத்த படங்களும் வீட்டில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். அவர் சம்மதித்தால், படியெடுத்துப் பள்ளி நூலகத்தில் ஒரு அலமாரியில் வைக்கலாம். மூலத்தை வாங்கிவராமல் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கருங்கல்லுக்கென்று சேர்த்த பணத்தை இவற்றுக்குச் செலவிடப் போவதாக, கொடுத்த அனைவருக்கும் எழுதித் தெரிவித்து, உடன்படாதவர்களுக்கு அவர்கள் பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.