சமைக்கத்தானே போனார்கள்?

வணக்கம். மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் நடந்த உள்நாட்டுப் போரில் துப்பாக்கி தூக்கிய சிறுவர்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். கொலை செய்து பழகிய பையன் மறுபடி பள்ளிக்கூடப் பையனாக முடியுமா? அவர்களை ஏன் தண்டிக்கவில்லை? (பெண்பிள்ளைகளை நான் இதில் சேர்க்கவில்லை. அவர்கள் சமைக்கத்தானே போனார்கள்.)

கதிரவன்

அன்புள்ள கதிரவன்,

தண்டனை விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். போர்க் குற்றங்களை விசாரிக்க அங்கே அமைந்த சிறப்பு நீதிமன்றத்தின் சட்டப்படி 15 வயது நிரம்பியவர்களை விசாரிக்க இடமிருந்தது. ஆனால் தலைமை வழக்கறிஞர் டேவிட் கிரேன், பிள்ளைகள் மீது வழக்குப் போடமாட்டேன் என்று 2002லேயே அறிவித்துவிட்டார். 15 வயதுக்குட்பட்டவர்களைப் படையில் சேர்த்ததற்காகப் பெரியவர்கள் மூவர் 2007ல் தண்டனை பெற்றார்கள். அது சரிதான்.

அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே ஒரு வாக்கியம், அதற்குத்தான் இந்தப் பதில். கொஞ்ச நாளாக நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ‘சமைக்கத்தானே’ என்று எழுதக் கை கூசவில்லையா உங்களுக்கு? கிராமத்தை எரித்துவிட்டு இழுத்துக்கொண்டு போன பிள்ளைகள் அவர்கள். பகலில் தலையில் தோட்டாப் பெட்டி, ராத்திரி தளபதியின் கூடாரம். பலர் சண்டையும் போட்டார்கள்.

நீங்கள் எழுதியதையேதான் போர் முடிந்து துப்பாக்கியை ஒப்படைக்க வைத்த ஆயுதக் களைவு முகாமின் வாசலிலும் சொன்னார்கள். நடைமுறை இது: பெயர், ஊர், எந்தப் படை, யார் தளபதி என்று எழுதிக்கொள்வார்கள். அடுத்து, துப்பாக்கி எங்கே என்பார்கள். ஏகே-47ஐக் கழற்றி, மறுபடி பூட்டிக் காட்டவும் சொல்வார்கள். தேறினால் பதிவு அட்டை. 18 வயதுக்குக் கீழே என்றால் அங்கிருந்து இடைக்காலப் பராமரிப்பு மையம், பிறகு குடும்பத்தைத் தேடிச் சேர்ப்பது, பள்ளிக்கூடம். ஆயுதம் இல்லையென்றால் இதில் எதுவுமே இல்லை. பானையும் கைக்குழந்தையுமாக வந்தவள் எதைக் கழற்றிக் காட்டுவாள்? சண்டை போட்ட பெண்ணின் துப்பாக்கியையும் தளபதி முன்கூட்டியே பிடுங்கித் தனக்கு வேண்டியவனிடம் கொடுத்திருப்பான்.

பதிவான பிள்ளைகள் 6,800க்கு மேல். அதில் பெண்கள் 500 சொச்சம்தான். காட்டில் இருந்த பெண்பிள்ளைகளோ பல ஆயிரம் பேர். மற்றவர்கள் எங்கே போனார்கள்? கடத்தியவனோடேயே பலர் தங்கிவிட்டார்கள். பின்னாளில் போராளிகளின் மனைவிமாருக்குச் சிறுகடன் என்று ஒரு திட்டம் வந்தது. அதற்கும் அவன் வந்து ‘இவள் என் மனைவி’ என்று சொல்ல வேண்டியிருந்தது.

விதி தெரியாமல் நடந்த தவறு என்றும் சொல்ல முடியாது. 1997லேயே யுனிசெஃபும் தொண்டு அமைப்புகளும் கேப் டவுனில் கூடி எழுதிவைத்துவிட்டார்கள்: சமையலாள், சுமை தூக்குபவர், தூது போகிறவர், பாலியல் தேவைக்காகவும் கட்டாயக் கல்யாணத்துக்காகவும் கொண்டுபோன பெண்பிள்ளைகள், எல்லோருமே படைச் சிறார்தான் என்று. அதற்குப் பிறகும் வாசலில் துப்பாக்கியைத்தான் கேட்டார்கள்.

பக்கத்து லைபீரியாவில் 2003ல் ஆயுதக் களைவு தொடங்கியபோது பெண்களும் பிள்ளைகளும் ஆயுதம் இல்லாமலே வரலாம் என்று தளர்த்தினார்கள். ஆனால் பிள்ளைகளுக்கும் தலைக்கு 300 டாலர் ரொக்கம் தந்தார்கள், இரண்டு தவணையாக. தளபதிகள் பங்கு கேட்டார்கள். சியரா லியோனில் அந்தத் தவறைச் செய்யவில்லை. அங்கே பையனைச் சேர்த்துக்கொண்ட பள்ளிக்குப் பாடப்பொருட்களும் விளையாட்டுச் சாமான்களும் போயின. அதனால் பக்கத்து பெஞ்சுப் பிள்ளைக்கும் ஆதாயம். ‘கொன்றவனுக்குப் பரிசா’ என்ற முணுமுணுப்பு குறையும்.

உங்கள் முதல் கேள்விக்கும் பதில் அங்கேதான் இருக்கிறது. ஆய்வாளர் தெரசா பெட்டன்கோர்ட் குழுவினர் 2002 முதல் இந்தப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஊர் ஏற்றுக்கொண்டு, பள்ளியிலும் நிலைத்தவர்கள் பெரும்பாலும் தேறினார்கள். ஊர் ஒதுக்கியவர்களுக்குக் கோபமும் மனச்சோர்வும் கூடின. ஆக, முடியும் கதிரவன். ஆனால் தகப்பன் பெயர் சொல்ல முடியாத குழந்தையோடு வந்தவளைத்தான் ஊர் அதிகம் ஒதுக்கியது. தையல் வகுப்பில் சேர்த்தாலும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாவிட்டால் பாதியில் நின்றுவிடுவாள். வகுப்புக்குப் பக்கத்திலேயே குழந்தைக்கு ஓர் அறையும், பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணும், மத்தியானச் சாப்பாடும் வேண்டும். திட்டம் போடுகிறவர்கள் முதல் செலவுக் கணக்கிலேயே இதை எழுத வேண்டும்.