அம்மா ஆளை விரட்டுகிறாரே!

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது, மறதிநோய். அவரைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சி அனுப்பிய இரண்டு பெண்களையும் விரட்டிவிட்டார். என்ன செய்வது?
– வாசகி, மதுரை

பதில்: வந்த அன்றே குளிப்பாட்டச் சொன்னீர்களா? பெரும்பாலும் அங்கேதான் முறிகிறது. தெரியாத கை சேலையைத் தொட்டால், பாவம், அவர் பயந்துதான் அடிக்கிறார். முதல் வாரம் நீங்களும் கூடவே இருங்கள். காபி கொடுப்பது, தலை வாருவது என்று ஆரம்பித்து, குளியலைக் கடைசியாக ஒப்படையுங்கள்.

ஷிஃப்ட் மாற்றம் மாலை 6 மணிக்கு வேண்டாம். பொழுது சாயும்போதுதான் பதற்றம் கூடும். இரவு 8-க்குத் தள்ளி, விளக்குகளை இருட்டும் முன்பே போடுங்கள். அடிக்கடி ஆளை மாற்ற மாட்டோம் என்று ஏஜென்சியிடம் எழுதி வாங்குங்கள். அம்மா உள்ளே தாழிட்டுக்கொள்ளாமல் இருக்க, குளியலறையின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள்.

ஓரிரு நாளில் திடீரெனக் குழப்பம் அதிகமானால் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். முதியோர் உதவி எண்: 14567.