மழை மிகுந்த இடங்களில் பழைய மூடாக்கை மாற்றுதல்: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பகுதியில் ஆண்டின் பெரும்பகுதி மழைதான். செடியடி மண்ணை மூடப் பரப்பிய பழைய மூடாக்கை (மரச்சீவல், மரப்பட்டை போன்றவை) ஆண்டுதோறும் முழுவதும் வாரிவிட்டுப் புதிதாகப் போட வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் வேண்டியதில்லை. வாருவதற்கு முன் செடியடியில் கைவிட்டு ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். மேலே உருக்குலையாத மரச்சீவலும், அதன்கீழ் விரலில் நசுங்கும் கறுத்த துண்டுகளும், அடியில் மண்ணோடு கலந்துவிட்ட பொடியுமாக இருந்து, மண்வாசனையும் வந்தால், மூடாக்கு தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது. அந்தக் கீழடுக்கில்தான் மண்புழுக்களும் மெல்லிய உறிஞ்சுவேர்களும் இருக்கும். அதைச் சுரண்டி எடுத்தால் வேர்கள் அறுபடுவதுடன், வெற்று மண்ணை அடுத்த மழையே அடித்து இறுக்கிவிடும். மட்கிக் குறைந்துபோன அளவுக்கு மட்டும் மேலே புதியதைப் பரப்புங்கள். பழையதும் புதியதும் சேர்ந்து 5 முதல் 8 செ.மீ. உயரம் போதும், நீர் தேங்கும் களிமண்ணில் 5 செ.மீ.க்கு மேல் வேண்டாம்.

கேள்வி: அப்படியானால் எப்போதுதான் அகற்றுவது?

பதில்: இலைப்புள்ளி போன்ற பூஞ்சை நோய் கண்ட செடியின் உதிர்ந்த இலைகள் அதில் கலந்திருந்தால் அகற்றுங்கள், மழைத்துளி தெறிக்கும்போது நோய்வித்துகள் மீண்டும் கீழ் இலைகளில் ஏறும். வாரியதை மட்குக் குழியில் போட வேண்டாம், ஏனெனில் வீட்டுக் குழியின் சூடு பெரும்பாலும் அவ்வித்துகளை அழிக்கப் போதாது. ஆண்டுக்கணக்கில் மேன்மேலும் போட்டு உயரம் மிகுந்துபோனாலும், கோரை, அறுகு போன்றவை உள்ளே வேரோடிவிட்டாலும் எடுக்கத்தான் வேண்டும்.

கேள்வி: மழை பெய்தும் மூடாக்கின் அடியில் மண் உலர்ந்திருக்கிறதே?

பதில்: நுண்ணிய மரத்தூள் இறுகி, அதில் பூஞ்சை இழைகள் பின்னிக்கொண்டால் மேற்பரப்பு தோல்போல் ஆகிவிடும். இடையில் ஒருமுறை காய்ந்துவிட்டால் அது நீரை ஏற்காது. மழைநீர் பக்கவாட்டில் வழிந்தோடும். களைக்கொத்தியால் மேல் இரண்டு மூன்று செ.மீ. மட்டும் கிளறி உடைத்துவிட்டால் சரியாகும். இனிமேல் சற்றுப் பெரிய துண்டுகளாகப் போடுங்கள்.

கேள்வி: புதிதாகப் போட்ட மறுநாளே இலை ஓரங்கள் கருகின. மூடாக்கில் காடி நெடி அடித்தது.

பதில்: உயரமாகக் குவித்து, ஈரத்துடன் நெடுநாள் காற்றோட்டமின்றிக் கிடந்த சீவல் அது. அத்தகைய குவியலுக்குள் அசிட்டிக் அமிலம் முதலியவை உண்டாகும்; அவற்றின் ஆவியும் கசிவும் இளஞ்செடிகளைச் சுட்டுவிடும். உடனே செடியைவிட்டு விலக்கி, திறந்த வெளியில் மெல்லியதாகப் பரப்பி, சில நாள் மழையில் நனையவிட்டுப் புரட்டுங்கள். நெடி முற்றிலும் போனபின் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

கேள்வி: மஞ்சள் நுரைபோல ஏதோ படர்ந்திருக்கிறது. நஞ்சா?

பதில்: அது சளிப்பூஞ்சை எனப்படுவது, செடிக்குத் தீங்கில்லை. சில நாளில் தானே காய்ந்து பொடியாகும். கண்ணுக்கு உறுத்தினால் அள்ளி எறிந்துவிடுங்கள்.

கேள்வி: மரச்சீவல் மண்ணிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) உறிஞ்சிவிடும் என்கிறார்களே?

பதில்: மண்ணுக்குள் கலந்து கொத்திவிட்டால்தான் அந்தக் குறை பெரிதாகத் தெரியும். மேலே பரப்பினால் அது மண்ணும் சீவலும் தொடும் மெல்லிய பரப்போடு நின்றுவிடும். ஆழ வேரோடிய செடிக்குப் பாதிப்பில்லை. ஆகவே பழையதை மண்ணில் புதைக்காமல் மேலேயே விட்டுவிடுங்கள்.

கேள்வி: தண்டை ஒட்டிப் போடலாமா?

பதில்: கூடவே கூடாது. நானே ஓர் எலுமிச்சையின் அடியில் அன்போடு குவித்துவைத்தேன். இரண்டு மழைக்காலம் கழித்து விலக்கிப் பார்த்தபோது, அடிப்பட்டை நனைந்த அட்டைபோல நகத்தோடு உரிந்து வந்தது. உள்ளே பழுப்பேறி அழுகியிருந்தது. மரத்தைக் காப்பாற்ற முடியவில்லை. தண்டைச் சுற்றி, வேர் பிரியும் இடம் கண்ணுக்குத் தெரியும்படி, ஒரு சாண் அகலம் வெறுமையாக விடுங்கள். செடி சிறிதென்றால் நான்கு விரல் அகலம் போதும். நத்தைகள் தண்டை அண்டுவதும் இதனால் குறையும்.

கேள்வி: புதியதைப் போட உகந்த காலம் எது?

பதில்: கனமழை ஓய்ந்து, தேங்கிய நீர் வடிந்து, மண்ணில் ஈரம் மட்டும் நிற்கும் நாட்கள். சேற்றின்மேல் போட்டால் வேருக்குக் காற்று எட்டாது. சரிவான நிலத்தில் உருண்டைத் துண்டுகள் வெள்ளத்தில் மிதந்து போய்விடும். நாராக உரித்த மரப்பட்டை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நிற்கும்.