ஸ்கான் எடுத்தாயிற்று, புத்தகத்தைக் கழிக்கலாமா? – நூலகக் கேள்வி-பதில்

எங்கள் சேகரிப்புத் திட்டம் 2004இல் எழுதியது. முழுதாக மாற்ற வேண்டுமா? (வெள்ளவத்தை)

வேண்டாம். மின்னூல், ஸ்கான் கோப்பு, தரவுத்தளச் சந்தா மூன்றையும் யார் வாங்குவது, யார் பராமரிப்பது, எப்போது கழிப்பது என்று சேருங்கள். நூலகர் மாறினாலும் அடுத்தவர் வாசித்துச் செய்யும்படி எழுத்தில் இருக்கட்டும்.

பழைய சஞ்சிகைகளை ஸ்கான் பண்ணிவிட்டோம், அலுமாரியில் இடமில்லை. கழித்துவிடலாமா? (கொட்டாஞ்சேனை)

அவசரப்படாதீர்கள். இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. எனக்குத் தெரிந்த ஒரு நூலகத்தில் பழைய பத்திரிகைகளை ஸ்கான் எடுத்த கையோடு பேப்பர்காரரிடம் நிறுத்துக் கொடுத்துவிட்டார்கள். பிறகு நான் கோப்புகளைத் திறந்து பார்த்தால் தையல் பக்கத்து வரிகள் பாதியில் வெட்டுப்பட்டிருந்தன, சின்ன எழுத்தெல்லாம் கலங்கல், திரும்ப எடுக்கத் தாளும் இல்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன, வேறெங்கும் பிரதி இல்லாதவை அன்றோடு போய்விட்டன. அதைப் பார்த்த நாங்களே தாளை எடைக்குப் போடுவதா?

முதலில் பக்கம் பக்கமாகச் சரிபாருங்கள். ஸ்கான் தெளிவு 300 டிபிஐக்கு (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) குறையக் கூடாது, பொடி எழுத்தென்றால் 600. மூலக் கோப்பு டிஃப் (தரம் குறையாமல் சேமிக்கும் பட வடிவம்), வாசிக்கக் கொடுப்பது பிடிஎஃப். மூன்று பிரதி வையுங்கள், ஒன்று கொழும்புக்கு வெளியே. அப்புறம் அதே இதழின் தாள் தேசிய சுவடிக்கூடத்திலோ வேறு நூலகத்திலோ இருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் உங்களுடையதுதான் கடைசிப் பிரதி என்று நினைத்து வைத்திருங்கள்.

கோஹா என்ற நூலகப் பட்டியல் மென்பொருளில் தமிழ்த் தலைப்பைத் தேடினால் ஒன்றும் வருவதில்லை. அதில் பிழையா?

இல்லை. பழைய பட்டியலைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டி அப்படியே ஏற்றியிருப்பீர்கள், கணினிக்கு அது தமிழாகத் தெரியாது. எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோடுக்கு மாற்றி மறுபடி ஏற்றுங்கள்.

மின்னூல் வாங்கினால் என்றைக்கும் எங்களுடையதுதானே?

பெரும்பாலும் இல்லை, காசு கட்டும்வரைதான் வாசிக்கலாம். ஒப்பந்தத்தை வாசித்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள். சொந்த நூல்களோடு சேர்த்து எண்ணாதீர்கள்.

1960இல் காலமான எழுத்தாளரின் நூலை இணையத்தில் போடலாமா? (தெஹிவளை)

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆசிரியர் இறந்து 70 வருடம் பதிப்புரிமை உண்டு. ஆகவே 2030 வரை குடும்பத்தாரிடம் அனுமதி வாங்குங்கள், அதுவும் எழுத்தில்.

எந்த ஸ்கானர் நல்லது?

இப்படி ஒற்றை வரியில் கேட்டால் என்ன சொல்வது? எத்தனை நூல், எவ்வளவு பெரிய பக்கம், கட்டு எப்படி, ஒன்றும் இல்லை. கட்டு இறுகிய நூலைக் கண்ணாடியில் வைத்து அமுக்காதீர்கள், முதுகு உடையும், மேலிருந்து படமெடுக்கும் வகைதான் சரி. விபரத்தோடு திரும்ப எழுதுங்கள். எது வாங்கினாலும் கோப்பு மூன்று பிரதி, ஒன்று கொழும்புக்கு வெளியே.