பெட்டி வாங்கும் முன் டேப்பை எடுங்கள்

மாதிரி ரயில் ஓட்டுகிறவர்களின் கடிதங்கள் சிலவற்றைச் சேர்த்து வைத்து இந்த முறை பதில் எழுதுகிறேன். எல்லாம் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கின்றன: ரிவர்ஸ் லூப். போன ரயில் அதே பாதையில் முகம் திருப்பிக்கொண்டு வருவதற்காகப் போடும் வளையம்.

கேள்வி: பல ஆண்டுகள் அனலாக் முறையில் ஓட்டிவிட்டு இப்போது டிஜிட்டல் ஸ்டார்ட்டர் செட் ஒன்று வாங்கினேன். ரயில் தானாகத் திரும்பி வரட்டும் என்று பாதையின் கடைசியில் ஒரு வளையம் போட்டேன். கடைசித் துண்டைப் பொருத்தியதுமே கன்ட்ரோலர் அணைந்துவிடுகிறது. கன்ட்ரோலரைத் திருப்பிக் கொடுத்துவிடட்டுமா?

வேண்டாம். அது பழுதாகவில்லை, தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. ஷார்ட் ஆன பாதைக்கு மின்சாரம் கொடுக்க மறுக்கிறது.

ஒரு தாளில் உங்கள் பாதையை இரண்டு கோடாக வரையுங்கள். இடது தண்டவாளத்துக்குச் சிவப்புப் பென்சில், வலதுக்கு நீலம். பாதை இரண்டாகப் பிரியும் இடமான பாயின்ட்டைக் கடந்து வளையத்தைச் சுற்றி மறுபடி பாயின்ட்டுக்கு வந்து சேருங்கள். சிவப்புக் கோடு நீலத்தில் போய் முடியும். காகிதத்தில் நிறம் நிறத்தோடு மோதுகிறது, மேசையில் மின்சாரம் மோதுகிறது. கடையில் யார் என்ன சொன்னாலும், இந்தப் படம் வரையாமல் எதையும் வாங்காதீர்கள், எதையும் திருப்பியும் கொடுக்காதீர்கள்.

தீர்வின் முதல் பாதிக்குச் செலவு அதிகமில்லை. வளையத்தின் இரு முனைகளிலும், இரண்டு தண்டவாளங்களையும் துண்டிக்க வேண்டும். ஆக நான்கு இடைவெளிகள். தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் உலோக ஃபிஷ் பிளேட்டுக்குப் பதில் பிளாஸ்டிக் ஃபிஷ் பிளேட் போட்டால் போதும். ரம்பத்தால் அறுத்து இடைவெளி விடுகிறவர்கள் அதில் ஒரு பிளாஸ்டிக் சில்லை ஒட்டி வைக்கவும். வெப்பத்தில் தண்டவாளம் நீண்டு இடைவெளி மூடிக்கொண்டால், நேற்று வரை ஓடிய ரயில் இன்று ஏன் நின்றது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள நேரும்.

இரண்டாவது பாதி, தனியாகிவிட்ட அந்தத் துண்டின் துருவத்தை வேண்டிய நேரத்தில் மாற்றுவது. இங்கேதான் டிஜிட்டல் உங்களுக்குக் கைகொடுக்கிறது. அனலாக்கில் எந்தத் தண்டவாளம் நேர், எந்தத் தண்டவாளம் எதிர் என்பதே ரயிலின் திசையைத் தீர்மானிக்கும். அதனால் ரயில் வளையத்துக்குள் இருக்கும்போது மெயின் லைனின் துருவத்தையே மாற்ற வேண்டியிருந்தது. டிசிசி எனப்படும் டிஜிட்டல் முறையில் பாதையில் ஓடுவது இடைவிடாமல் துருவம் மாறிக்கொண்டே இருக்கும் சதுர அலை. அரை அலை 58 மைக்ரோ விநாடி என்றால் அது ‘1’, 100 அல்லது அதற்கு மேல் என்றால் ‘0’. இன்ஜினுக்குள் இருக்கும் டீகோடர் என்ற சிறு மின்னணுப் பலகை அந்த நேர அளவைத்தான் படிக்கிறது. எந்தத் தண்டவாளம் எது என்று அது கவலைப்படுவதில்லை. முன்னே போ என்றால் இன்ஜினின் மூக்கு இருக்கும் பக்கம் போகும். ஆகவே ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் காலுக்கடியில் துருவத்தைப் புரட்டிப் போட்டாலும் அது உணராது.

கேள்வி: துருவத்தை மாற்ற எதை வாங்குவது? ஒருவர் சாதாரண சுவிட்ச் போதும் என்கிறார், இன்னொருவர் அதைத் தானாக மாற்றும் ஆட்டோ ரிவர்சர்தான் வேண்டும் என்கிறார்.

இருவரும் சொல்வது சரிதான். எந்த லேஅவுட்டுக்கு, அதாவது எந்தப் பாதை அமைப்புக்கு, என்பதுதான் கேள்வி.

ஒரே ஒரு வளையம், ஒரே ஒரு பாயின்ட், அதற்கு மோட்டார் இருக்கிறது என்றால், நான் முதலில் அந்த மோட்டாரைத்தான் திருப்பிப் பார்ப்பேன். மெதுவாக நகரும் வகை பாயின்ட் மோட்டார்கள் பலவற்றில் இரண்டு ஜோடித் துணைத் தொடர்புகள் இருக்கும். சர்க்யூட்ரானின் டார்ட்டாய்ஸ் நல்ல எடுத்துக்காட்டு. அந்தத் தொடர்புகள் வழியாக வளையத்துக்கு மின்சாரம் கொடுத்தால் பாயின்ட் திரும்பும்போது துருவமும் கூடவே திரும்பும். ரயில் உள்ளே போனதும், வெளியே வருவதற்காக எப்படியும் பாயின்ட்டை மாற்றத்தானே போகிறீர்கள்? அந்த நொடியிலேயே வேலை முடிந்துவிடும். ஷார்ட்டே நடக்காது, தீப்பொறியும் இல்லை. தனியாக எதுவும் வாங்கத் தேவையில்லை. பாயின்ட்டை மாற்ற மறந்தால் மட்டும் ரயில் நிற்கும். மறந்தால் எப்படியும் தடம் புரளப் போகிற ரயில்தான் அது.

கையால் மாற்றும் இருமுனை இருவழி சுவிட்சும் இதையேதான் செய்கிறது. ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் நினைவு வைத்திருக்க வேண்டும். விருந்தினர் வந்து பேச்சுக் கொடுத்தால் நினைவு போய்விடும்.

ஆட்டோ ரிவர்சர் இந்தக் கவலையை எடுத்துவிடுகிறது. பெரும்பாலானவை ஷார்ட்டை உணர்ந்து வேலை செய்பவை. சக்கரம் இடைவெளியை மிதித்த கணத்தில் ஷார்ட் ஏற்படும். பாதைக்கு மின்சாரம் தரும் பூஸ்டர் அணைவதற்கு முன்பே கருவி துருவத்தைப் புரட்டிவிடும். இதிலும் ரிலே என்ற இயந்திர சுவிட்ச் வைத்தவை, ரிலே இல்லாத முழு மின்னணு வகை என இரண்டு உண்டு. ரிலே வகை ‘டக்’ என்று சத்தம் போடும், சற்று மெதுவானது. உங்கள் பூஸ்டர் ஷார்ட்டைக் கண்டதும் உடனே அணைந்துவிடும் குணம் உடையது என்றால் ரிலே பந்தயத்தில் தோற்றுவிடும். அப்படிப்பட்டவர்கள் மின்னணு வகையையே வாங்குங்கள்.

மூன்றாவது ஒரு வகையும் இருக்கிறது. வளையத்தின் இரு முனையிலும் சிறிய உணர்வுத் துண்டுகளைத் தனியாக வெட்டி வைத்து, ரயில் வருவதை முன்கூட்டியே அறிந்து துருவத்தை மாற்றுவது. கூடுதலாக நாலைந்து இடைவெளியும் கம்பியும் போட வேண்டும். ஆனால் ஷார்ட் நடக்காது. ஒவ்வொரு ஷார்ட்டிலும் எழும் சிறு பொறி சக்கரத்திலும் தண்டவாளத்திலும் பள்ளம் போடும். ஒரு நாளைக்கு நூறு முறை வளையம் சுற்றும் காட்சி லேஅவுட்டுக்கு இந்த வகை பொருந்தும். வீட்டில் ஓய்வு நாளில் ஓட்டுகிறவருக்கு அந்த அளவு அக்கறை தேவையில்லை என்பது என் கணக்கு.

கேள்வி: நல்ல பெயருள்ள ஆட்டோ ரிவர்சர் வாங்கி, கையேட்டில் உள்ளபடியே இணைத்தேன். இருந்தும் வளையத்தின் வாசலில் ரயில் நின்று, முழு லேஅவுட்டும் அணைகிறது. விற்றவர் ‘பொருளில் குறை இல்லை’ என்கிறார்.

அவர் சொல்வது உண்மையாக இருக்க வாய்ப்பு அதிகம். இதில் ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். ஒரே ரிவர்சரை இரண்டு முறை மாற்றி வாங்கிவிட்டுப் பிறகுதான் பெட்டியின் பக்கவாட்டில் இருந்த எண்ணைப் படித்தேன்.

அந்த எண் டிரிப் கரன்ட். எத்தனை ஆம்பியர் ஓடினால் ‘இது ஷார்ட்’ என்று கருவி முடிவு செய்யும் என்பது. பல ரிவர்சர்கள் ஐந்து ஆம்பியர் பூஸ்டரை மனத்தில் வைத்து, மூன்று நான்கு ஆம்பியர் அளவில் தொழிற்சாலையிலேயே அமைக்கப்பட்டு வருகின்றன. ஸ்டார்ட்டர் செட்டுகளோ பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆம்பியரிலேயே கையை விரித்துவிடும். ரிவர்சர் விழித்துக்கொள்வதற்குள் செட் தூங்கிவிடுகிறது. பலவற்றில் இதைக் குறைக்க ஒரு சிறு திருகோ ஜம்பரோ, சிவி எனப்படும் எண் அமைப்போ இருக்கும். குறைத்துப் பாருங்கள். குறைக்கவே முடியாத கருவி என்றால் உங்கள் செட்டுக்கு அது பொருந்தாது. அப்போது திருப்பிக் கொடுக்க உங்களுக்குச் சரியான காரணம் கிடைத்துவிட்டது.

அதற்காக அடியோடு குறைத்துவிடவும் கூடாது. ஒலி எழுப்பும் இன்ஜின் இரண்டும் விளக்கு எரியும் ரயில் பெட்டிகளும் சேர்ந்து இழுக்கும் மின்சாரமே அந்த அளவைத் தாண்டினால், ரிவர்சர் ஷார்ட் இல்லாமலேயே புரண்டு புரண்டு படுக்கும். ரயிலின் தேவைக்கு மேலே, பூஸ்டரின் வரம்புக்குக் கீழே, இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் எண் இருக்கிறது.

கம்பியையும் சந்தேகப்படுங்கள். சுமார் 15 வோல்ட் தரும் அமைப்பு என்று வைத்துக்கொள்வோம். மெல்லிய கம்பி, தளர்ந்த ஃபிஷ் பிளேட், அரைகுறை சால்டர் எல்லாம் சேர்ந்து மொத்தம் 5 ஓம் தடை வந்துவிட்டது என்றால், முழு ஷார்ட்டிலும் 3 ஆம்பியர்தான் ஓடும். 4 ஆம்பியரில் அமைத்த ரிவர்சர் ‘யாரோ நீளமான ரயில் ஓட்டுகிறார்’ என்று சும்மா இருந்துவிடும். அந்த நேரத்தில் 45 வாட் வெப்பம் உங்கள் கம்பியிலும் இணைப்புகளிலும் இறங்கிக்கொண்டிருக்கும். பிளாஸ்டிக் உருகுவது இப்படித்தான். நாணயம் ஒன்றை எடுத்து, லேஅவுட்டின் ஒவ்வொரு மூலையிலும் இரண்டு தண்டவாளங்களுக்கும் குறுக்கே வையுங்கள். எல்லா இடத்திலும் பூஸ்டர் உடனே அணைய வேண்டும். அணையாத இடத்தில் முதலில் கம்பியைத் தடிமனாக்குங்கள், கருவியைப் பிறகு பார்க்கலாம்.

கேள்வி: சரக்கு ரயில் வளையத்தைச் சுற்றி வந்துவிடுகிறது. எட்டுப் பெட்டிகள் உள்ள பயணிகள் ரயில் மட்டும் பாதியில் நிற்கிறது. ரிவர்சர் விடாமல் ‘டக் டக்’ என்கிறது.

தலைப்பில் சொன்ன டேப் இதற்குத்தான். ரயிலின் முதல் உலோகச் சக்கரத்திலிருந்து கடைசி உலோகச் சக்கரம் வரை அளந்து பாருங்கள். பிறகு துண்டிக்கப்பட்ட பகுதியை அளந்து பாருங்கள். இரண்டாவது எண் பெரிதாக இருந்தே ஆக வேண்டும்.

ஹெச்ஓ அளவில், அதாவது 1:87ல், உண்மையான 26.4 மீட்டர் பெட்டி 30 சென்டிமீட்டர் வரும். எட்டுப் பெட்டிகளுக்கு 2.4 மீட்டர், இன்ஜினையும் கொக்கி இடைவெளிகளையும் சேர்த்தால் சுமார் 2.7 மீட்டர். 45 சென்டிமீட்டர் ஆரமுள்ள முழு வட்டத்தின் சுற்றளவே 2.83 மீட்டர்தான். அதில் பாயின்ட்டுக்கும் இடைவெளிகளுக்கும் விட்டுக்கொடுத்த பிறகு இரண்டரை மீட்டர் மிஞ்சினால் அதிர்ஷ்டம். உங்கள் ரயிலின் தலை வெளியே போகும் இடைவெளியில் மிதிக்கும்போது வால் இன்னும் உள்ளே வரும் இடைவெளியில் நிற்கிறது. தலைக்கு ஒரு துருவம் வேண்டும், வாலுக்கு மற்றது வேண்டும். ரிவர்சர் இருவருக்கும் நல்ல பிள்ளையாக முயன்று மாறி மாறிப் புரள்கிறது.

உங்கள் சரக்கு வண்டிகள் குட்டையாகவோ பிளாஸ்டிக் சக்கரத்துடனோ இருப்பதால் தப்பிக்கின்றன. பிளாஸ்டிக் சக்கரம் இடைவெளியை மிதித்தாலும் எதுவும் நடக்காது. பயணிகள் பெட்டியின் விளக்குக்குச் சக்கரம் வழியாகவே மின்சாரம் எடுப்பதால் அந்த வழி உங்களுக்கு அடைபட்டிருக்கிறது. இடைவெளிகளைப் பாயின்ட்டில் தண்டவாளங்கள் குறுக்கிடும் ஃபிராக்கை ஒட்டிக் கொண்டுபோய்ச் சில சென்டிமீட்டர் சம்பாதிக்கலாம். அதற்கு மேல் வளையத்தைப் பெரிதாக்க வேண்டும் அல்லது ஒரு பெட்டியைக் கழற்ற வேண்டும். இதைவிட விலையுயர்ந்த ரிவர்சர் இதைத் தீர்க்கும் என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள்.

கேள்வி: இரண்டு முனையிலும் வளையம், நடுவில் ரயில் திரும்புவதற்கான ஒரு முக்கோணப் பாதை, இன்ஜினைத் திருப்பும் சுழல் மேடையான ஒரு டர்ன்டேபிள். எத்தனை ரிவர்சர் வாங்குவது?

வளையத்துக்கு ஒன்று வீதம் இரண்டு. முக்கோணத்துக்கு ஒன்று. அதில் ஒரு பக்கத்தை மட்டும் தனிமைப்படுத்தினால் போதும், ரயில் முழுதும் அடங்கும் பக்கமாகப் பாருங்கள். டர்ன்டேபிளுக்கு முதலில் அதன் கையேட்டைப் படியுங்கள். பலவற்றில் பிளவு வளையத் தொடர்பு இருக்கும். பாலம் அரைச்சுற்று சுற்றும்போது துருவம் தானே மாறிவிடும், எதுவும் வாங்க வேண்டாம். துருவம் மாறும் பகுதிகள் இரண்டு ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது. நடுவில் துருவம் மாறாத துண்டு ஒன்று இருக்கட்டும். இல்லாவிட்டால் இரண்டு ரிவர்சர்களும் ஒன்றையொன்று திருத்திக்கொண்டே இருக்கும்.

கேள்வி: பழைய அனலாக் லூப் செட் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? மூன்று தண்டவாள முறை வைத்திருக்கும் நண்பர் தனக்கு இந்தத் தொல்லையே இல்லை என்கிறார்.

தண்டவாளத்துக்காக வாங்கலாம், உள்ளே இருக்கும் மின்சாரப் பகுதிக்காக வேண்டாம். அனலாக் லூப் செட்டுகள் பலவற்றில் டையோடு இருக்கும். ஒரு திசை மின்சாரத்தை மட்டும் விடும் டையோடு, இரு திசையிலும் மாறும் டிசிசி அலையில் பாதியை விழுங்கிவிடும். கூடவே வரும் மின்இணைப்புத் துண்டையும் திருப்பிப் பாருங்கள். இடையூறு தடுக்கும் கப்பாசிட்டர் ஒட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள், அது டிஜிட்டல் சிக்னலைச் சிதைக்கும்.

நண்பர் சொல்வது சரி. மெர்க்லின் போன்ற முறையில் இரண்டு தண்டவாளங்களும் ஒரே இணைப்பு, மற்றது நடுவில் வரும் புள்ளித் தொடர்பு. இடதும் வலதும் ஒன்றே என்பதால் எப்படித் திரும்பினாலும் மோதலில்லை. ஆனால் இந்த ஒரு வசதிக்காக உங்கள் எல்லா இன்ஜின்களையும் மாற்றுவது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை.

கேள்வி: ரிவர்சர் புரளும் நேரத்தில் ஒரு இன்ஜின் மட்டும் திடீரென்று முழு வேகத்தில் பாய்கிறது. டீகோடரை மாற்ற வேண்டுமா?

மாற்ற வேண்டாம். ஷார்ட்டின்போது சிக்னல் ஒரு கணம் தடுமாறுகிறது. அந்த டீகோடர் ‘நாம் அனலாக் பாதைக்கு வந்துவிட்டோம்’ என்று தவறாக எண்ணிக்கொண்டு, கிடைக்கும் மின்சாரம் அத்தனையையும் மோட்டாருக்குக் கொடுத்துவிடுகிறது. சிவி 29ஐப் படியுங்கள். 6 என்று இருந்தால் 2 என்று எழுதுங்கள், நீண்ட முகவரி வைத்து 38 என்று இருந்தால் 34. கழிக்கும் அந்த 4தான் அனலாக் அனுமதி. வேறு எண் காட்டினால், அனலாக் அனுமதி அதில் இருக்கிறதா என்று டீகோடர் கையேட்டில் பார்த்த பிறகே கழியுங்கள். ஏற்கெனவே இல்லாத 4ஐக் கழித்தால் முகவரியும் வேகப்படிகளும் குழம்பிவிடும்.