தரை போட வந்தவர் நிமிர்ந்து பார்த்தபோது

வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, கலையின் அரசியல் அது சொல்லும் கருத்தில் இல்லை என்று நினைப்பவர் பிரெஞ்சுத் தத்துவவாதி ழாக் ரான்சியேர் என்று ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு நிறைய கடிதங்கள் வந்திருக்கின்றன. சில கோபமாகவே. சரி, இந்த முறை பக்கம் முழுக்க அவருக்கே.

கேள்வி: ரான்சியேர் அடிப்படையில் ஓர் அரசியல் சிந்தனையாளர். கவிதை, ஓவியம், சினிமா பற்றி அவர் இவ்வளவு எழுத வேண்டிய தேவை என்ன? ஓய்வுநேர ஆர்வமா?

இல்லை. அவருடைய அரசியல் சிந்தனையே ஒரு ரசனை அனுபவத்திலிருந்து கிளைத்ததுதான், அதுவும் ஒரு தச்சரின் ரசனையிலிருந்து.

1940-ல் அல்ஜியர்ஸில் பிறந்தவர். பாரிஸில் மார்க்ஸியத் தத்துவவாதி லூயி அல்தூஸரின் மாணவர். 1965-ல் மார்க்ஸின் மூலதனத்தைப் பற்றி அல்தூஸரும் மாணவர்களும் சேர்ந்து வெளியிட்ட நூலில் அவருடைய கட்டுரையும் உண்டு. பிரான்ஸில் மாணவர்களும் தொழிலாளிகளும் எழுந்த 1968 மே கிளர்ச்சிக்குப் பிறகு ஆசிரியரோடு ஒத்துப்போக முடியவில்லை. தொழிலாளிக்கு அவருடைய நிலைமையை எடுத்துச் சொல்ல அறிவாளி ஒருவர் வேண்டும் என்ற எண்ணமே அவருக்குக் கசந்துவிட்டது. 1974-ல் ஆசிரியரை எதிர்த்து ஒரு புத்தகமே எழுதினார். அப்புறம் போய் ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்துவிட்டார், 1830களிலும் 40களிலும் பிரெஞ்சுத் தொழிலாளிகள் தாங்களே எழுதிவைத்த கடிதங்களையும் கவிதைகளையும் பத்திரிகைகளையும் தேடிக்கொண்டு.

உழைப்பாளியின் சொந்தக் குரல் கிடைக்கும் என்று போனவருக்குக் கிடைத்தது வேறு. பகல் முழுக்க ஊசியும் உளியும் பிடித்துவிட்டு, தூங்க வேண்டிய இரவில் கண்விழித்துப் படித்தவர்கள், எழுதியவர்கள், விடிய விடியப் பேசியவர்கள். அவர்கள் எழுதியதில் உழைப்பின் பெருமை அதிகமில்லை. படித்த மேல்தட்டுக் கவிஞர்களின் மொழியில், அவர்களுடைய ஏக்கங்களையே எடுத்துக்கொண்டு எழுதினார்கள். இதை வைத்துத்தான் 1981-ல் 'பாட்டாளிகளின் இரவு' என்ற நூலை ரான்சியேர் எழுதினார்.

அந்த மனிதர்களில் ஒருவர் கேப்ரியல் கோனி. மரத்தரை போடும் தச்சர். பிரான்ஸின் 1848 புரட்சியின்போது ஒரு தொழிலாளர் பத்திரிகையில் வெளிவந்த அவருடைய எழுத்தில் ஓர் இடம் வருகிறது. தினக்கூலிக்குப் போகாமல் வேலையை மொத்தமாகப் பேசி எடுத்துக்கொண்ட ஒரு தச்சர், யாரோ ஒருவருடைய வீட்டில் தரை போட்டுக்கொண்டிருக்கிறார். தலைக்குமேல் மேஸ்திரி இல்லை. தரை முடியும்வரை அது தன் வீடு மாதிரி அவருக்குத் தோன்றுகிறது. அறையின் அமைப்பு பிடித்திருக்கிறது. ஜன்னல் ஒரு தோட்டத்தைப் பார்த்தோ தொலைவில் அழகான காட்சியைப் பார்த்தோ திறந்திருந்தால், கைகளை ஒரு கணம் நிறுத்துகிறார். மனம் அந்த வெளியை நோக்கி மிதந்து போகிறது. பக்கத்து வீடுகளின் சொந்தக்காரர்களைவிட அவர்தான் அந்தக் காட்சியை நன்றாக அனுபவிக்கிறார்.

அவ்வளவுதான். முதலில் படிக்கும்போது இதில் என்ன புரட்சி இருக்கிறது என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் தன்னைச் சுரண்டுகிறார்கள் என்பது கோனிக்கு நன்றாகவே தெரியும், அதை யாரும் அவருக்கு விளக்க வேண்டியதில்லை. அவருக்கு இல்லை என்று சொல்லப்பட்டது வேறொன்று: நேரம், வேலையைத் தாண்டிப் பார்க்கும் கண். கைவினைஞர் தன் இடத்தைவிட்டு நகர முடியாது, ஏனென்றால் வேலை காத்திருக்காது என்பது பிளேட்டோவின் 'குடியரசு' நூலில் இருக்கும் வாதம். ஒருவருக்கு ஒரு தொழில், அந்தத் தொழிலுக்கு ஏற்ற கண், ஏற்ற வாய். கோனியின் கை ஒரு பக்கமும் கண் வேறு பக்கமும் போன அந்தக் கணத்தில் அந்தக் கணக்கு உடைகிறது.

எதைப் பார்க்கலாம், யார் பேசினால் பேச்சு, யார் பேசினால் வெறும் இரைச்சல், யாருக்கு நேரம் உண்டு, யாருக்கு இல்லை என்று ஒரு சமூகம் முன்கூட்டியே பிரித்துவைத்திருக்கும் ஏற்பாட்டுக்கு ரான்சியேர் வைத்த பெயரைப் புலனுணர்வின் பங்கீடு என்று தமிழில் சொல்லலாம். 2000-ல் வந்த சிறு நூலுக்கு அதுதான் தலைப்பு. பிரெஞ்சில் அவர் பயன்படுத்தும் சொல்லுக்குக் கூறுபோடுவது, கூடிப் பகிர்வது என்று இரண்டு பொருளும் உண்டு. நமக்கு அதைப் புரிந்துகொள்வதில் சிரமமே இல்லை, 'பங்கு' என்ற சொல்லில் இரண்டும் இருக்கிறது. பங்கு போட்டுப் பிரிந்து போகிறோம், பங்கு கொள்ளவும் செய்கிறோம். கலை இந்தப் பங்கீட்டின்மேல் கைவைக்கிறது, அரசியலும் அதே பங்கீட்டின்மேல்தான் கைவைக்கிறது. ஆகவே கலை அவருக்குப் பக்கத்து அறை அல்ல.

கேள்வி: கலைக்கு மூன்று 'முறைமைகள்' இருப்பதாக அவர் சொல்வதைச் சுருக்கமாக விளக்க முடியுமா?

எதைக் கலை என்று கொள்வது, அதை எப்படிப் பார்ப்பது என்ற ஏற்பாட்டைத்தான் முறைமை என்கிறார். முதலாவதில் கலை என்று தனியாக ஒன்று இல்லை, படிமங்கள் மட்டும்தான். இது உண்மையா, இதைப் பார்க்கும் மக்கள் எப்படி ஆவார்கள் என்பதே கேள்வி. பிளேட்டோவின் கேள்வி இது. இரண்டாவது அரிஸ்டாட்டில் வழி வந்தது: எதைச் சித்திரிப்பது, எப்படிச் சித்திரிப்பது என்பதற்கு விதிகள், பெரிய மனிதர்களுக்குத் துன்பியல், சாமானியர்களுக்கு நகைச்சுவை, ஆளுக்கேற்ற மொழி. மூன்றாவது அழகியல் முறைமை. பதினெட்டாம் நூற்றாண்டின் பின்பகுதியில் தலையெடுத்தது. எந்தப் பொருளும் கலைக்கு ஆகும், யாரும் பார்க்கலாம். ஒன்று போய் இன்னொன்று வந்தது என்று இதைக் காலவரிசையாகப் படித்துவிடாதீர்கள், மூன்றும் ஒரே காலத்தில் சேர்ந்தே கிடக்கும் என்கிறார்.

மூன்றாவதைப் புரிந்துகொள்ள அவர் தரும் ஓர் உதாரணம் போதும். 2011-ல் வந்த அவருடைய பெரிய நூல் ஓர் உடைந்த சிலையோடு தொடங்குகிறது. வத்திக்கானில் இருக்கும் பெல்வடேர் டோர்ஸோ என்ற சிலை அது. தலை இல்லை, கை இல்லை, கால்களும் முழுதாக இல்லை, முறுக்கிய உடம்பு மட்டும். 1764-ல் ஜெர்மானியக் கலை வரலாற்றாசிரியர் விங்கெல்மான் இதைத்தான் கிரேக்கக் கலையின் உச்சம் என்றார், ஓய்ந்து உட்கார்ந்து நினைவில் ஆழ்ந்த ஹெர்குலிஸ் என்றார். யோசித்துப் பாருங்கள். பழைய விதிப்படி உடம்பு ஒரு செயலைக் காட்ட வேண்டும், முகம் ஓர் உணர்ச்சியைக் காட்ட வேண்டும். இந்தச் சிலையால் எதையும் செய்ய முடியாது, காட்ட முகமும் இல்லை. அதையே முழுமை என்று ஒருவர் சொல்லத் துணிந்த இடத்தில், செயலுக்கும் அழகுக்கும் இருந்த பழைய கட்டு அவிழ்ந்துவிட்டது.

இலக்கியத்தில் இதே கதை பிரெஞ்சு நாவலாசிரியர் ஃப்ளோபேருக்கு நடந்தது. 1857-ல் 'மேடம் பொவாரி' வந்தபோது, பெரிய விஷயம் சின்ன விஷயம் என்ற வித்தியாசம் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே கவனத்தோடு எழுதுகிறார், இது இலக்கியத்துக்குள் நுழைந்த ஜனநாயகம் என்று குறைசொன்னார்கள். ஃப்ளோபேருக்கு ஜனநாயக அரசியல்மேல் எந்த அன்பும் கிடையாது. ஆனால் அவர் வாக்கியங்களுக்கு அது இருந்தது என்பது ரான்சியேரின் வாசிப்பு. எழுத்தாளரின் கட்சியைக் கேட்டு நாவலின் அரசியலை முடிவு செய்கிறவர்களிடம் இந்த உதாரணத்தைத்தான் நான் எப்போதும் காட்டுவேன்.

கேள்வி: மக்களின் பிரச்சினையைப் பேசாத கலை, பணம் படைத்தவர்களின் விளையாட்டு. 'கருத்தில் அரசியல் இல்லை' என்று சொல்லி அதற்குத் தத்துவ முலாம் பூசுகிறீர்கள். வெட்கமாக இல்லையா?

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் ரான்சியேர் அப்படிச் சொல்லவில்லை. கருத்து சொல்லக் கூடாது என்பதல்ல அவர் வாதம். கருத்தைச் சொன்னால் பார்ப்பவருக்கு அது உறைக்கும், உறைத்தால் எழுந்து நிற்பார் என்று போடும் கணக்கைத்தான் கேள்வி கேட்கிறார்.

அமெரிக்கக் கலைஞர் மார்த்தா ராஸ்லர் வியட்நாம் போர்க் காலத்தில் ஒட்டுப்படங்கள் செய்தார். அதில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெளிச்சமான, விசாலமான அமெரிக்க வீடு, ஒரு மூலையில் பலூன்கள். அந்த வீட்டுக்குள் ஒரு வியட்நாமியர், கையில் போரில் அடிபட்ட குழந்தையை ஏந்தியபடி. 'உன் வீட்டின் சுகத்துக்குப் பின்னால் இருப்பது இது, நீ பார்க்க மறுப்பது இது' என்று படம் சொல்கிறது. சரி. பார்த்தவர் என்ன செய்வார்? ஏற்கெனவே போரை எதிர்ப்பவர் தலையாட்டுவார், எதிர்க்காதவர் குற்ற உணர்வோடு அடுத்த படத்துக்குப் போவார், இன்னொருவர் பலூன்களையே பார்த்துக்கொண்டிருக்கலாம். பார்வையிலிருந்து புரிதலுக்கும் புரிதலிலிருந்து செயலுக்கும் நேர்ச்சாலை கிடையாது. அந்தக் காலத்தில் அத்தகைய படங்களுக்கு வலு இருந்ததென்றால், வெளியே தெருவில் ஓர் இயக்கம் நடந்துகொண்டிருந்ததும் அதற்குக் காரணம்.

பார்வையாளர் சும்மா உட்கார்ந்திருக்கிறார், அவரை உலுக்கி எழுப்ப வேண்டும் என்ற நினைப்பே தவறு என்பது 2008-ல் வந்த 'விடுதலை பெற்ற பார்வையாளர்' நூலின் மையம். ஜெர்மானிய நாடகக்காரர் பிரெக்ட் பார்வையாளரை விலக்கி நிறுத்தி யோசிக்கவைக்கப் பார்த்தார், பிரெஞ்சு நாடகக்காரர் ஆர்த்தோ மேடையின் சுழலுக்குள் இழுத்துப்போடப் பார்த்தார். பார்ப்பது என்றால் சும்மா இருப்பது என்பதை இருவருமே சந்தேகிக்கவில்லை. ஆனால் பார்க்கிறவர் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறார். கவனிக்கிறார், ஒப்பிடுகிறார், எங்கேயோ பார்த்ததோடு முடிச்சுப் போடுகிறார், மேடையில் நடக்கும் கவிதையை வைத்துத் தன் கவிதையைச் செய்துகொள்கிறார்.

இந்த நம்பிக்கை அவருக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? ஜோசப் ழாக்கோதோ என்ற வாத்தியாரிடமிருந்து. 1818-ல் இன்றைய பெல்ஜியத்தின் லூவென் நகரில் பிரெஞ்சு கற்பிக்க வந்தார். மாணவர்களில் பலருக்குப் பிரெஞ்சு தெரியாது, இவருக்கு அவர்கள் மொழி தெரியாது. ஒரு பிரெஞ்சு நாவலின் இருமொழிப் பதிப்பைக் கையில் கொடுத்து, மொழிபெயர்ப்பின் துணையோடு நீங்களே படித்துக்கொள்ளுங்கள் என்றார். பிறகு படித்ததைப் பற்றிப் பிரெஞ்சிலேயே எழுதச் சொன்னார். அவர்கள் எழுதியதைப் பார்த்து அசந்துபோனார். விளக்கிச் சொல்ல ஆள் இல்லாமலே கற்றுவிட்டார்கள். அறிவு எல்லோருக்கும் சமம் என்பதை முடிவில் எட்ட வேண்டிய இலக்காக வைக்காமல், அங்கிருந்தே தொடங்க வேண்டும் என்பது ழாக்கோதோ சொன்ன பாடம். பார்வையாளருக்குப் புரியவைக்கத் துடிக்கும் கலைஞர், அவருக்குப் புரியாது என்ற முடிவோடுதானே ஆரம்பிக்கிறார்? மக்களுக்கான கலை என்று நாம் சொல்லும்போதெல்லாம் மக்களை எவ்வளவு குறைத்து எடைபோடுகிறோம் என்பது எனக்கு இந்த இடத்தில்தான் உறைத்தது.

கேள்வி: ரசனை என்பது வர்க்க அடையாளம் என்று பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியு ஆதாரத்தோடு காட்டிவிட்டாரே. ஏழைக்கு அழகியல் எதற்கு?

பூர்தியுவின் 1979 நூல் காட்டியது உண்மை நிலவரம்தான். பலன் பார்க்காமல் ரசிப்பது என்று ஜெர்மானியத் தத்துவவாதி காண்ட் சொன்னது வசதியுள்ளவர்களின் சொகுசு என்றார் அவர். 1790-ல் காண்ட் ஓர் அரண்மனையை உதாரணம் காட்டுகிறார். ஏழைகளின் வியர்வையில் கட்டியது என்று அதைத் திட்டலாம், எனக்கு இது தேவையில்லை என்றும் சொல்லலாம், ஆனால் அழகாக இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. பூர்தியுவுக்கு இது ஏமாற்று. ரான்சியேர் கோனியைக் கூப்பிடுகிறார். வியர்வை சிந்திய ஆளே, யாருடைய வீடு என்ற கேள்வியை ஒரு கணம் தள்ளிவைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறாரே, இவருக்கு ரசனை கிடையாது என்று சொல்ல நீங்கள் யார்?

'ஏழைக்கு அழகியல் எதற்கு' என்ற வரியைத் தயவுசெய்து திரும்ப ஒருமுறை படியுங்கள். ஏழையின்மேல் அக்கறையோடுதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அது பிளேட்டோவின் வரி.

ரான்சியேருக்கு மிகவும் பிடித்த இயக்குநர்களில் ஒருவர் போர்ச்சுகலின் பெட்ரோ கோஸ்டா. அவருடைய 2006 படத்தில் வெந்தூரா என்ற வயதான கொத்தனார், ஆப்பிரிக்கத் தீவு நாடான கேப் வெர்டேயிலிருந்து வந்து லிஸ்பனின் இடிபடும் குடிசைப்பகுதியில் வாழ்ந்தவர், குல்பெங்கியன் அருங்காட்சியகத்தில் பெரிய ஓவியங்களுக்கு நடுவே அசையாமல் நிற்கிறார். அந்தக் கட்டிடம் எழும்பியபோது உழைத்தவர்களில் அவரும் ஒருவர். காவலர் வந்து மெதுவாக அவரை வெளியே அனுப்புகிறார், பிறகு அவர் நின்ற இடத்தைக் கைக்குட்டையால் துடைக்கிறார். இந்தக் காட்சியில் ஒருவரும் கத்தவில்லை. கோஸ்டா வெந்தூராவை அந்த ஓவியங்களுக்குக் கொடுத்த அதே ஒளியில், அதே நிதானத்தில் நிறுத்துகிறார். பரிதாபம் கேட்கவில்லை.

ஆனாலும் ரான்சியேரிடம் எனக்கு ஒரு சண்டை உண்டு. கோனி நிமிர்ந்து பார்த்தது, மொத்தமாகப் பேசி எடுத்த வேலை என்பதால். அந்தச் சிறு சுதந்திரத்தை அவரே தன் எழுத்தில் சொல்கிறார், அதனால்தான் தினக்கூலியைவிட அதை விரும்பினார். மேஸ்திரி தலைக்குமேல் நின்றிருந்தால் ஜன்னல் அங்கேதான் இருந்திருக்கும், அந்தக் கணம் இருந்திருக்காது. கூலியும் வேலைநேரமும் பற்றிய பழைய போராட்டம் அந்தப் பார்வைக்கு முன்நிபந்தனை. ரான்சியேர் வழியில் எழுதும் பலர் ஜன்னலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, இதை ஒரு வரியில் கடந்துபோகிறார்கள். அங்கே பூர்தியு எனக்கு இன்னும் தேவைப்படுகிறார்.

கேள்வி: அவரை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

ழாக்கோதோவைப் பற்றிய 1987 நூலான 'அறியாத ஆசான்' சின்னது, கதைபோல ஓடும். அதிலிருந்து தொடங்குங்கள். பிறகு 'பாட்டாளிகளின் இரவு'. கனமான புத்தகம், எங்கே அவர் பேசுகிறார் எங்கே தொழிலாளிகள் பேசுகிறார்கள் என்று சில இடங்களில் குழம்பும், வேண்டுமென்றே அப்படி எழுதியிருக்கிறார். இரண்டும் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. பங்கீடு பற்றிய 2000 நூலை முதலில் எடுக்காதீர்கள். மெலிந்த புத்தகம் என்று நம்பி எடுத்து, கோனியைத் தெரியாமலே கலைச்சொற்களில் சிக்கி, பாதியில் மூடிவைத்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். கோனியின் எழுத்துகளையும் 1983-ல் ரான்சியேரே தொகுத்துப் பதிப்பித்தார். பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவர்கள் அங்கேயே நேராகப் போய்விடலாம்.