விண்வெளிச் சாப்பாடு: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

உணவுப் பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்க்கிறேன். பையில் அடைத்த உணவை ரிட்டார்ட் செய்வதுதான், அதாவது அழுத்தத்தில் அதிகச் சூடு கொடுத்துக் கிருமி நீக்குவதுதான், என் அன்றாட வேலை. விண்வெளி உணவு பற்றி வந்த கேள்விகளில் முக்கியமானவற்றை எடுத்துக்கொண்டேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மேலே யாரும் சமைப்பதில்லை. சமையல் தரையிலேயே முடிந்துவிடுகிறது. அங்கே நடப்பது வெந்நீர் ஊற்றுவதும் சூடு காட்டுவதும்தான்.

கார்த்திக்: அக்கா, இன்னும் பேஸ்ட் மாதிரி ட்யூப்ல பிதுக்கித்தான் சாப்பிடறாங்களா?

அதெல்லாம் அந்தக் காலம். 1961இல் முதன்முதலாக விண்வெளிக்குப் போன ககாரின் ட்யூப்பில்தான் சாப்பிட்டார். அடுத்த ஆண்டு அமெரிக்க வீரர் ஜான் க்ளென்னுக்கும் ஆப்பிள் கூழ் ட்யூப்பில்தான் போனது. எடையற்ற நிலையில் உணவு தொண்டையில் இறங்குமா என்பதே அப்போது சந்தேகம். விழுங்குவது தசைகளின் வேலை, புவியீர்ப்பு இல்லாவிட்டாலும் நடக்கும் என்பது தெரிந்ததும் அந்தப் பயம் போயிற்று. 1968 கிறிஸ்துமஸுக்கு அப்போலோ 8 குழுவினர் குழம்போடு வான்கோழிக் கறியைக் கரண்டியாலேயே சாப்பிட்டார்கள். குழம்பின் ஈரப்பசையே உணவைக் கரண்டியில் பிடித்து வைத்துக்கொள்ளும். பறக்காது.

ரேவதி: காயவெச்ச சாப்பாடுதானே? நம்ம வத்தல் மாதிரி வெயில்ல காயவெச்சா போதாதா? எதுக்கு அவ்வளவு பெரிய மெஷின்?

நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வெயிலில் காயும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் திரவமாகவே மேற்பரப்புக்கு வந்து ஆவியாகிறது. வரும் வழியில் உப்பையும் சர்க்கரையையும் கூடவே இழுத்து வரும். காய் சுருங்கி, மேல்தோல் இறுகிவிடும். வத்தலை எண்ணெயில் போட்டால் பிரமாதம். வெந்நீரில் போட்டால் பழைய சுண்டைக்காய் திரும்ப வராது.

விண்வெளி உணவுக்குச் செய்வது ஃப்ரீஸ் டிரையிங், அதாவது உறையவைத்து உலர்த்துவது. அதில் உணவைச் சமைத்து, நன்றாக உறைய வைத்து, வெற்றிட அறைக்குள் வைப்பார்கள். அழுத்தம் சுமார் 6 மில்லிபாருக்குக் கீழே போனால் தண்ணீரால் திரவமாக இருக்கவே முடியாது. மெல்லச் சூடு கொடுக்கக் கொடுக்க, ஐஸ் உருகாமல் நேரே ஆவியாகப் போய்விடும். ஐஸ் இருந்த இடமெல்லாம் நுண்துளைகளாக நிற்கும், உருவம் சுருங்காது. பிறகு வெந்நீர் ஊற்றினால் அந்தத் துளைகள் வழியே நீர் ஏறி, சில நிமிடங்களில் பழைய நிலைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். நேரமும் மின்சாரமும் நிறைய தின்னும் முறை. அதனால்தான் கடையில் விலை அப்படி இருக்கிறது.

எடை மிச்சம் என்பது இன்னொரு காரணம். நாசாவின் பழைய விண்கலமான ஸ்பேஸ் ஷட்டிலில், ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் தயாரித்த எரிபொருள் கலங்கள் தண்ணீரையும் உபரியாகத் தந்தன, உலர் உணவு கச்சிதமாகப் பொருந்தியது. சர்வதேச விண்வெளி நிலையம் சூரியத் தகடுகளில் ஓடுகிறது, அந்தத் தண்ணீர் கிடையாது. அங்கே வியர்வை, மூச்சு ஈரம், சிறுநீர் எல்லாவற்றையும் சுத்திகரித்துத் திரும்பக் குடிக்கிறார்கள்.

பிரபு: கறி, பருப்பெல்லாம் ஃப்ரிட்ஜ் இல்லாம எப்படிக் கெடாம இருக்கு?

இது என் ஏரியா. பையில் அடைத்து, காற்றை எடுத்து, சீல் வைத்து, அழுத்தத்தில் 121 டிகிரி செல்சியஸ் வரை கொண்டுபோவோம். குறி ஒரே ஒரு எதிரிதான்: கொடிய நச்சை உண்டாக்கும் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா. அதன் வித்துகள் 100 டிகிரிக் கொதிநீரில் சாகாது. தகர டப்பாவை விடத் தட்டையான பை நல்லது, நடுப்பகுதிக்குச் சூடு சீக்கிரம் போய்ச் சேரும், ஓரம் கருகாது. குழம்பும் பருப்பும் இதைத் தாங்கும். கீரை கூழாகிவிடும், பால் இனிப்பு பழுப்பேறும். சில இறைச்சிகளை நாசா கதிர்வீச்சால் கிருமி நீக்குகிறது.

தயாரித்து முடித்த பிறகு சோதித்துப் பார்ப்பது போதாது, எந்தக் கட்டத்தில் ஆபத்து நுழையும் என்று முன்பே கண்டுபிடித்து அங்கேயே அடைக்க வேண்டும் என்ற முறை 1960களில் நாசாவும் பில்ஸ்பரி நிறுவனமும் அமெரிக்க ராணுவத்தின் நேட்டிக் ஆய்வகமும் சேர்ந்து விண்வெளி உணவுக்காக உருவாக்கியது. இன்று எங்கள் ஆலைக்கு ஆடிட்டர் வந்து கேட்கும் ஹேசப் (HACCP) என்ற உணவுப் பாதுகாப்பு ஃபைல் அதன் வாரிசுதான். அந்த ஃபைல் வேலையைத் திட்ட வேண்டுமென்றால் நாசாவிடம் போய்த் திட்டுங்கள்!

ஷாலினி: தயிர் சாதம் போகுமா அக்கா? சீரியஸாத்தான் கேக்கறேன்.

உயிருள்ள தயிராகப் போகாது. மூடிய பைக்குள் நுண்ணுயிர் தொடர்ந்து வேலை செய்யும், புளிப்பு ஏறும், சில வகைகள் வாயுவை விட்டுப் பையை உப்ப வைக்கும். 2008இல் தென்கொரியாவின் முதல் விண்வெளி வீராங்கனை யீ சோ-இயோன் கிம்ச்சி கொண்டுபோனபோது இதே தலைவலிதான். கடைசியில் கதிர்வீச்சால் கிருமிகளைக் கொன்று, சுவையை மட்டும் காப்பாற்றி அனுப்பினார்கள். தயிரை ரிட்டார்ட்டில் வைத்தால் திரிந்து தண்ணீர் வேறு, கட்டி வேறாகிவிடும். எனக்குத் தெரிந்து ஃப்ரீஸ் டிரையிங்தான் அதற்குக் கொஞ்சம் மரியாதை கொடுக்கும் வழி.

லலிதா பாட்டி: ஏம்மா, ராகேஷ் சர்மா போனப்போ நம்ம ஊர் சாப்பாடு எடுத்துண்டு போனார்னு படிச்ச ஞாபகம். நிஜமா?

நிஜம்தான் பாட்டி. 1984இல் விண்வெளிக்குப் போன முதல் இந்தியரான அவருக்காக ரவா அல்வா, ஆலு சோலே, வெஜிடபிள் புலாவ் தயாரித்துக் கொடுத்தது மைசூரில் இருக்கும் ராணுவ உணவு ஆராய்ச்சிக்கூடம். ராணுவ வீரர்களுக்குச் செய்து பழகியவர்கள். 2025இல் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்துக்குப் போனபோதும் கேரட் அல்வா, பாசிப்பருப்பு அல்வா, மாம்பழச் சாறு போயின. இந்தியாவே ஆட்களை அனுப்பப்போகும் ககன்யான் திட்டத்துக்கென்று அந்த மைசூர்க் கூடத்தில் தயாரான பட்டியலில் இட்லியும் உப்புமாவும் உண்டு. உப்புமா அங்கேயும் விடவில்லை.

ஜோசப்: பிரெட் ஏன் கூடாது?

தூள். மிதந்து கண்ணிலும் மூக்கிலும் கருவிக்குள்ளும் போகும். 1965இல் ஜெமினி 3 பயணத்தில் ஜான் யங் பாக்கெட்டில் ஒளித்துக் கொண்டுபோன சாண்ட்விச்சால் அமெரிக்க நாடாளுமன்றத்திலேயே கேள்வி எழுந்தது. 1985இல் மெக்சிகோவின் ரொடால்ஃபோ நேரி வேலா அவர்கள் ஊர்ச் சப்பாத்தியான டார்ட்டியா கொண்டுபோன பிறகு நாசாவுக்கும் அதுவே பிடித்துப்போயிற்று. உப்பைத் தண்ணீரிலும் மிளகை எண்ணெயிலும் கலந்து சொட்டுச் சொட்டாகப் போட்டுக்கொள்கிறார்கள்.

நந்தினி: மேலே ருசியே தெரியாதாமே?

பலர் அப்படிச் சொல்கிறார்கள். உடல் நீர் தலைப்பக்கம் ஏறி மூக்கு அடைக்கும், வாசனை குறையும். சாப்பாடு பைக்குள் இருப்பதால் மணம் மேலே எழுந்து வருவதும் இல்லை. அதனால் காரத்துக்குக் கிராக்கி. காரமான குதிரைமுள்ளங்கி சாஸ் போட்ட இறால் அங்கே ரொம்ப நாளாக ஹிட்.

விக்னேஷ்: செவ்வாய்க்கும் இதே சாப்பாடு போதுமா?

போதாது. இப்போதைய உணவுகளில் பெரும்பாலானவை ஒன்றரை, இரண்டு ஆண்டு நன்றாக இருக்கும். செவ்வாய்க்குக் கேட்பது 5 ஆண்டு. கிருமி பிரச்சினை இல்லை, அதை ஜெயித்தாயிற்று. சாதாரண வெப்பநிலையில் வைட்டமின் சியும் தயமினும் (வைட்டமின் பி1) மெல்ல மெல்லக் கரைந்துபோகின்றன, நிறமும் பதமும் மாறுகின்றன. அலுத்துப்போய்க் குறைவாகச் சாப்பிட்டால் எலும்பும் தசையும் இன்னும் வேகமாகத் தேயும். 2015இல் நிலையத்திலேயே வளர்த்த சிவப்பு லெட்யூஸ் என்ற சாலட் கீரையைச் சாப்பிட்டுப் பார்த்தார்கள். சாலட்டுக்கு ஆகும், வயிறு நிரம்பாது.

ஆதி: விண்வெளி ஐஸ்கிரீம்னு விக்கறாங்களே, அந்த உலர்ந்த ஐஸ்கிரீம்?

மியூசியம் கடைச் சரக்கு. நிலையத்துக்குப் போவது நிஜ ஐஸ்கிரீம். ஆய்வு மாதிரிகளைக் கொண்டுவர அனுப்பும் ஃப்ரீஸர் போகும்போது காலியாக இருந்தால் அதில் வைத்து அனுப்புவார்கள், 2012இல் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் டிராகன் சரக்குக் கலத்தில் போனது அப்படித்தான். திரும்பி வரும்போது அதே ஃப்ரீஸரில் வருவது வீரர்களின் ரத்தமும் சிறுநீரும்.